டைம்டேபிளைக் கணினி போடுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மேல்நிலைப் பள்ளியில் ஜூன் வந்தாலே டைம்டேபிள் போடும் வேலை என் தலையில்தான். ஒரு டீச்சரின் பீரியடை நகர்த்தினால் நாலு வகுப்பு கலைந்துவிடுகிறது. இதைக் கணினியிடம் விட முடியாதா? (முதுகலை ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: தாராளமாக விடலாம், இந்த வருடமே செய்து பாருங்கள். நீங்கள் திணறுவது இயல்புதான். ஆசிரியர்கள் எந்தெந்த நேரம் வரமுடியும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்துவிட்டால் இது மிகக் கடினமான கணக்குகளின் வகையில் சேரும் என்று ஈவன், இட்டாய், ஷமிர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1976-லேயே நிரூபித்துவிட்டார்கள். அந்த வகைக் கணக்கு எவ்வளவு பெரியதானாலும் சீக்கிரம் தீர்க்கும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஒரு பள்ளி அளவுக்கு நல்ல வழிகள் இருக்கின்றன. ருமேனியாவின் லிவியு லலெஸ்கு உருவாக்கிய எஃப்.இ.டி. என்ற இலவச மென்பொருள், இடம் கிடைப்பதற்கு மிகவும் சிரமமான பீரியடை முதலில் வைக்கும், இடமில்லை என்றால் குறுக்கே நிற்பவற்றைக் கிளப்பிவிட்டு அவற்றுக்கு வேறு இடம் தேடும். நீங்கள் பென்சிலும் ரப்பருமாகச் செய்வதும் இதேதான், அது சலிக்காமல் செய்யும், அவ்வளவுதான்.

ஆனால் விவரம் கொடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை. முதலில் கூட்டிப் பாருங்கள். ஒரே கணக்கு ஆசிரியருக்கு ஆறு பிரிவு, பிரிவுக்கு வாரம் 7 பீரியட் என்றால் 42; ஐந்து நாளுக்கு எட்டு எட்டாக இருப்பதே 40. எந்த மென்பொருளாலும் அதை அடைக்க முடியாது, அங்கே தேவை இன்னொரு ஆசிரியர். அப்புறம், ஒரே நேரத்தில் ஒருவர் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது என்பது மீறவே கூடாத விதி, 'எனக்குக் கடைசி பீரியட் வேண்டாம்' என்பது விருப்பம். எஃப்.இ.டி.யில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அது எவ்வளவு கட்டாயம் என்று சதவீதம் கொடுக்கலாம். எல்லோருடைய விருப்பத்துக்கும் 100 போட்டால் அது விடை கிடைக்காமல் திண்டாடும், அதனால் யாருக்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசி முடித்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: கல்லூரித் தேர்வு அட்டவணைக்கும் இதே முறைதானா? (உதவிப் பேராசிரியர், திருச்சி)

பதில்: கொஞ்சம் வேறு. ஒவ்வொரு தாளையும் ஒரு புள்ளியாக வையுங்கள், ஒரே மாணவர் எழுதும் இரண்டு தாள்களுக்கு நடுவே கோடு போடுங்கள். கோடு சேர்க்கும் இரண்டு புள்ளிக்கும் ஒரே நிறம் கூடாது, ஒரு நிறம் என்பது ஒரு வேளை, அதாவது ஏதாவது ஒரு நாளின் எஃப்.என். (முற்பகல்) அல்லது ஏ.என். (பிற்பகல்). அதிகக் கோடு உள்ள புள்ளிக்கு முதலில் நிறம் கொடு என்ற எளிய முறையை வெல்ஷ், பவல் இருவரும் 1967-ல் வெளியிட்டார்கள், இன்றும் நல்ல தொடக்கம் அது. நம் ஊரில் கோடுகளைப் பெருக்குவது அரியர் தாள்கள்தான்: மூன்றாம் செமஸ்டர் தாளை ஐந்தாம் செமஸ்டர் மாணவர் ஒருவர் எழுதினாலே அந்தத் தாளிலிருந்து அவருடைய எல்லாத் தாள்களுக்கும் கோடு போகும். அதனால் அரியர் பதிவு முடிந்து பட்டியல் கைக்கு வந்த பிறகே அட்டவணையைத் தொடங்குங்கள்.