போர்க்காலச் சீட்டுக்கட்டு வடிவமைப்பு: கேள்வி பதில்

கே: 52 சீட்டுக்கும் தனித்தனியா படம் வரையணுமா?

ப: தேவையில்லை. ராஜா, ராணி, ஜாக்கி 12, ஏஸ் 4, ஜோக்கர் 2, பின்பக்கம் 1. இந்த 19 படங்களே போதும். எண் சீட்டுகளை வழக்கப்படி விட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போரில் சீட்டுதோறும் விமான நிழலுருவை அச்சிட்டதுண்டு. அது எந்த விமானம் யாருடையது என்று பார்த்துப் பழக. ஆடுவதற்கான கட்டு என்றால், கையில் விரித்ததும் மூலை எண் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

கே: ஃபைல் என்ன அளவு?

ப: போக்கர் அளவு 63 × 88 மி.மீ. நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் 69 × 94, அதாவது 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 815 × 1110 பிக்சல். எண், எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும். அச்சகம் வேறு டெம்ப்ளேட் தந்தால் அதுதான் கணக்கு.

கே: காக்கிப் பின்னணி வெச்சேன். ஸ்க்ரீன்ல அழகா இருந்தது, அச்சுல ஒரே மங்கல்.

ப: காக்கி மேல் சிவப்பு விழுந்தால் பழுப்பாகிவிடும், ஆர்ட்டினும் டைமனும் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும். பின்னணியை C5 M8 Y20 (சயான் 5, மெஜந்தா 8, மஞ்சள் 20 சதவீத மை) அளவுக்கு வெளுப்பாக்குங்கள். கறுப்பு எண்களை K100, அதாவது முழுக் கறுப்பு மை மட்டும் வைத்து அடியுங்கள். நாலு மையிலும் கலந்த கறுப்பு இம்மி விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரம் கலங்கும்.

கே: பின்பக்கத்துல குண்டுத் துளை, கறை எல்லாம் போடலாமா?

ப: தாராளமாக, ஆனால் எல்லாச் சீட்டிலும் ஒரே துளை, ஒரே கறை. 180 டிகிரி திருப்பினாலும் மாறக்கூடாது. இல்லாவிட்டால் அது குறி வைத்த சீட்டு! வெள்ளை ஓரம் வைப்பதானால் 5 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள். 3 மி.மீ. ஓரத்தில் வெட்டு 1 மி.மீ. நகர்ந்தால் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4, கண்ணை உறுத்தும்.

கே: ஆர்ட்டின் முழுக்க மருத்துவப் படை. செஞ்சிலுவை போடலாம்தானே?

ப: கூடாது. 1949 ஜெனீவா முதல் உடன்படிக்கையின் 53-வது பிரிவு தனியார் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்த்தால் அதுபோல் தோன்றும் சின்னத்துக்கும் தடை உண்டு. செம்பிறைக்கும் அப்படியே. ஸ்ட்ரெச்சர், கட்டுத்துணிச் சுருள், மருந்துப் பை என்று வரைந்தாலே விஷயம் புரியும்.

கே: இரண்டாம் உலகப் போர்ல போர்க் கைதிகளுக்கு அனுப்பின சீட்டு மாதிரி, உள்ளே வரைபடம் ஒளிச்சு வைக்க முடியுமா?

ப: அந்தச் சீட்டுகளை நனைத்து உரித்தால் உள்ளே தப்பிச் செல்லும் வரைபடத்தின் துண்டு இருக்கும். இப்போதைய பூச்சும் பசையும் அப்படி உரிய விடாது. ஆனால் முன்பக்கப் பின்னணியில் 8 சதவீத மென்னிறத்தில் துண்டு துண்டாக வரைபடம் அடிக்கலாம். இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என நாலு வரிசை, வரிசைக்கு ஏஸ் முதல் ராஜா வரை 13. பரப்பினால் 819 × 352 மி.மீ. வரைபடம். ஒவ்வொரு துண்டிலும் வெட்டுக்கான 3 மி.மீ.யைப் பக்கத்துத் துண்டிலிருந்தே எடுங்கள். வெற்றாக விட்டால் சேருமிடத்தில் வெள்ளைக் கோடு விழும். வெட்டு எப்படியும் கொஞ்சம் பிசகும், அதனால் ஆறு, சாலை எல்லாம் தடித்த கோடாக இருக்கட்டும். ஊர்ப் பெயர் எதுவும் இரண்டு சீட்டில் பிரிந்து விழாமல் பார்த்து வையுங்கள்.