பதில்: செவ்வாய்க்கிழமை மட்டும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தீர்ந்து போகுது

வணக்கமுங்க. ஈரோடு ஜவுளிச் சந்தை அன்னிக்கு உங்க மொத்த விற்பனை சைட் 'டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி'ன்னு நின்னு போகுது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல, ஒரே நேரத்துல எத்தனை கனெக்‌ஷன் விடலாம்ங்கற மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 100லிருந்து 500 ஆக்கினதும் இன்னும் மெதுவாயிருச்சுன்னு எழுதியிருந்தீங்க.

முதல்ல அதை 100க்கே இறக்கி, ரீஸ்டார்ட் பண்ணிருங்க. போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸ் ஓடும். உங்க சர்வர்ல இருக்கறது 4 பிராசசர் கோர்தான். நாலு தறிக்கு ஐநூறு பாவு கொண்டுவந்து இறக்கின கதைதானுங்க.

கணக்கைப் பாருங்க: ஆப் 6 பிராசஸ், ஒவ்வொண்ணுலயும் பூல் (தயாரா திறந்து வெச்சிருக்கற கனெக்‌ஷன்கள்) 20. ஆக 120. இருக்கற 100லயும் 3 சூப்பர்யூசர்ங்கற அட்மினுக்குன்னு ஒதுக்கியிருக்கும். பூலை 5 ஆக்குங்க, 30தான் வரும். பத்தாதுன்னு பயப்படாதீங்க, குவெரி 10 மில்லிசெகண்டுல முடிஞ்சா ஒரே கனெக்‌ஷன் நொடிக்கு 100 குவெரி பார்த்துரும்.

ஆனா எனக்குச் சந்தேகம் வேற இடத்துல. எந்தக் கனெக்‌ஷன் என்ன பண்ணுதுன்னு போஸ்ட்கிரெஸ் காட்டற பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'னு எத்தனை நிக்குதுன்னு எண்ணுங்க, அதாவது டிரான்சாக்‌ஷனை ஆரம்பிச்சுட்டு முடிக்காம சும்மா நிக்கற கனெக்‌ஷன். திருப்பூர்ல நான் பார்த்துக்கிட்ட ஒரு பனியன் ஆர்டர் சைட்ல, பிகின் போட்டு டிரான்சாக்‌ஷனை ஆரம்பிச்சுட்டு பேமென்ட் பதிலுக்காக 8 செகண்ட் காத்துக்கிட்டு இருந்துச்சு. அத்தனை நேரமும் கனெக்‌ஷன் சும்மா கிடந்துச்சுங்க! ரெண்டு ராத்திரி தூங்காம தேடினேன். பேமென்ட் அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளிய எடுத்ததும் சரியாப் போச்சு.

கொஞ்சம் கனெக்‌ஷனை நிறைய பேருக்குப் பகிர்ந்து கொடுக்கற பிஜிபவுன்சர் அப்புறம் போடலாமுங்க. போட்டா டிரான்சாக்‌ஷன் மோடுக்கு மாத்திருங்க, ஒரு டிரான்சாக்‌ஷன் முடிஞ்சதும் கனெக்‌ஷனை அடுத்தவருக்குக் கொடுத்துரும். டீஃபால்ட் செஷன் மோடுதான், அதுல கிளையன்ட் விலகற வரைக்கும் கனெக்‌ஷன் அவருக்கே. வர்ற செவ்வாய் கூட்டம் இருக்கறப்பவே அந்த ஐடில் எண்ணிக்கையை எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.