கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருகிறதா?

இல்லை. ஜாமிலும் குளிர்பானத்திலும் சேர்ப்பது அநேகமாக முழுவதும் ஆஸ்பெர்ஜிலஸ் நைகர் என்ற கரும்பூஞ்சை சர்க்கரையிலிருந்து உண்டாக்கியதுதான். வெங்காயத் தோலில் கரித்தூள் அப்பியதுபோல் படருமே, அதே வகையறா. 1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு வழி காட்டினார்.

பூஞ்சை வளரும் கரைசலுக்கு வேண்டியவை: லிட்டருக்கு 140 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை, சுமார் 30 டிகிரி வெப்பம், தாராளமாகக் காற்று. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஏறிவிட்டால் ஆக்சாலிக், குளுக்கோனிக் அமிலங்களும் கலந்துவிடும். புளிப்பு அதிகமென்பதால் வேறு கிருமிகளும் எளிதில் அண்டாது.

உண்மையான தலைவலி மாங்கனீசு என்ற உலோகம். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே போதும், சின்னச் சின்ன உருண்டைகளாக வளரவேண்டிய பூஞ்சை நூல்நூலாக நீண்டு, கலவை கூழாகிவிடும். ஆக்சிஜன் உள்ளே போகாது, விளைச்சல் விழும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் உலோகங்கள் அதிகம் என்பதால் முதலில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்த்து அவற்றைப் படிய வைப்பார்கள். காற்று கொஞ்ச நேரம் நின்றாலும் ஆபத்து: பூஞ்சை பிழைத்து வளரும், ஆனால் பழையபடி அமிலம் தராது.

வடிகட்டிய திரவத்தில் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் சிட்ரேட் படியும். அதில் கந்தக அமிலம் விட்டால் சிட்ரிக் அமிலம் பிரியும். 'பசுமை' என்று சொல்வதற்குமுன் இதையும் கணக்கில் வையுங்கள்: ஒரு கிலோ அமிலத்துக்குச் சுமார் 1.3 கிலோ ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கழிவாக மிஞ்சும்.