பூமிக்கு 454 கோடி வயது என்று எப்படித் தெரியும்?

பூமி பிறந்த காலத்துப் பாறை எதுவும் இன்று இல்லை என்கிறார்களே, பிறகு வயதை எதில் அளந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நமக்குக் கிடைத்த மிகப் பழைய துணுக்குகள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் உள்ள சிர்க்கான் படிகங்கள். மணல் துகள் அளவுதான். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதனுள் இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதம் வயதைச் சொல்லிவிடும். அங்கே ஒரு படிகத்துக்குச் சுமார் 440 கோடி ஆண்டுகள். பூமி அதற்கும் மூத்தது.

எவ்வளவு மூத்தது என்பதை, பூமியோடு ஒரே காலத்தில் உருவான விண்கற்கள் சொல்லின. அமெரிக்கர் கிளேர் பேட்டர்சன், அரிசோனாவின் கேன்யன் டயப்லோ உள்ளிட்ட விண்கற்களின் ஈயத்தை அளந்து, 1956இல் 455 கோடி ஆண்டுகள், 7 கோடி முன்பின் இருக்கலாம் என்று வெளியிட்டார். சூழலில் கலந்திருந்த ஈயம் மாதிரிகளைக் கெடுக்காதிருக்க, ஆய்வகத்தின் தூய்மைக்காக அவர் பட்ட பாடு வியக்க வைக்கிறது.

பூமியின் வரலாற்றைக் காலங்களாகப் பிரிக்கும் புவியியல் கால அட்டவணையில் வரிசையைப் புதைபடிவங்களும், ஆண்டுக்கணக்கைப் பெரும்பாலும் அடுக்குகளிடையே படிந்த எரிமலைச் சாம்பலும் தருகின்றன. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்பதும் அத்தகைய கணக்குதான்.