நிலத்தை விற்காதீர்கள், மகளைப் பாருங்கள்

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, அடுத்து என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டு மகளோடு என்னிடம் வந்திருந்தார். இரண்டாவது நீட்டிலும் மதிப்பெண் போதவில்லை. நிலத்தை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்கச் சொல்லி, மைத்துனர் ஏஜென்ட்டை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாராம்.

ஐயா, வருத்தம் புரிகிறது. ஆனால் விற்காதீர்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறாமல் டாக்டராக வேலை பார்க்க முடியாது. நிலம் விற்ற பணம் போதாமல் கடன் வாங்கினால், மைத்துனர் அதற்கு வட்டி கட்டப்போவதும் இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டா இன்ஜினியரிங்? அதைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள், நான் எதற்கு?

பேச்சுவாக்கில் நீங்களே குறைபட்டுக்கொண்டீர்கள்: மகள் பால் சொசைட்டி நோட்டைப் புரட்டி, ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்து வம்பை இழுத்து வந்தாள் என்று. அந்தக் கண்ணுக்குப் புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை இருக்கிறது.

சென்னையில் 1982 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் பதிவேடு உண்டு. ஒரு பகுதியில் வசிப்பவர்களில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது என்று, பணியாளர்கள் மருத்துவமனை, ஆய்வகம், இறப்புப் பதிவு என்று தேடிப்போய்த் திரட்டுகிறார்கள். திரட்டியது சரியா என்று பார்ப்பது தனிக் கலை.

எஸ். முருகன் ஒரு மருத்துவமனையில், முருகன் எஸ் இன்னொன்றில். ஒருவரா, இருவரா? சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் தங்கை வீட்டு முகவரியைத் தர்மபுரிக்காரர் கொடுத்தால் அவரைச் சென்னைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், நோய் கண்டறிந்த நாளுக்கு முன்பே இறந்த நாள்: இதையெல்லாம் கணினியே பிடித்துவிடும். மற்றதற்கு மூளை வேண்டும். கல்லீரல் புற்றுநோய் என்று பதிவான எல்லாமே பயாப்ஸியில் உறுதியானவை என்றால் சந்தோஷப்படக்கூடாது. ஸ்கேனோடு நின்றவர்கள் விடுபட்டிருக்கலாம். இறப்புச் சான்றிதழால் மட்டுமே தெரியவந்தவர்கள் அதிகமென்றால், உயிரோடு இருந்தபோது அவர்களைத் தவறவிட்டிருக்கிறோம். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நிம்மதி இல்லை. சான்றிதழில் வெறும் 'மாரடைப்பு' என்று எழுதிப் போயிருப்பார்கள்!

இதற்கு வழி: அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, செலவும் உங்கள் கைக்கு அடங்கும். அப்புறம் உயிரிப்புள்ளியியலில், அதாவது மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியலில், முதுகலை, வேலூர் சிஎம்சி போல. அல்லது பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. அதற்குச் சென்னையிலேயே தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். பதிவேட்டு வேலைகளில் பல ஒப்பந்த அடிப்படையில்தான். தொடக்கச் சம்பளத்தைச் சொன்னால் மைத்துனர் சிரிப்பார். அதனால்தான் முதுகலையை விடக்கூடாது என்கிறேன். மருந்து ஆய்வு நிறுவனங்களுக்கும் இதே படிப்பு செல்லும்.

இன்னொன்று. மூன்றாவது நீட் எழுதுவதா என்பதை அவளிடம் கேளுங்கள். நான் கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். நீங்கள் அப்போது போனில் இருந்தீர்கள்.