பாய் கட்டி முல்லைத்தீவுக் கரைக்குப் போன நாள்

கேள்வி: பாய்ப்படகில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய் இறங்கிய அனுபவம் உண்டா? வீதியால் போவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். 2022 ஆடி மாதம், இலங்கையின் வடகிழக்குக் கரையில், நாயாற்றிலிருந்து வடக்கே முல்லைத்தீவுக்கு.

உல்லாசப் பயணம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம். லீற்றர் 87 ரூபாய் என்று விலை இருந்ததே தவிர, நாள் முழுக்க வரிசையில் நின்றாலும் கிடைக்காது. அடுத்த மாதம் ஒரேயடியாக 340 ரூபாய் ஆக்கினார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் படகுகள் மணலில் கிடந்தன, பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. முல்லைத்தீவில் மச்சாளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். மாமிக்கு மகளைப் பார்க்க வேண்டும். முழங்கால் வருத்தத்தோடு கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் சைக்கிள் கரியரில் இருந்து போக அவவால் முடியாது. "பாய் கட்டிப் போவம்" என்றார் மாமா.

மாமா பாய் ஓட்டியது தொண்ணூறுகளில். போரினால் எங்கள் வன்னிப் பகுதிக்கு எரிபொருள் வராமல் தடை இருந்த அந்தக் காலத்தில் உரப்பைகளைப் பிரித்துத் தைத்துப் பாயாக்கினார்களாம். இந்த முறை அவர் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தது ஒரு தறப்பாள், மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்ரிக் விரிப்பு. 2009ல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எங்களுக்குக் கூரையாக இருந்தது. வீடு கட்டிய பிறகு மாமி அதை மடித்து வைத்திருந்தா. ஒரு மூலையில் அடுப்புப் புகை பிடித்த மஞ்சள் கறை அப்படியே இருந்தது. ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, நைலோன் கயிற்றை உள்ளே விட்டு, வலைபொத்தும் ஊசியால் மாமா இரண்டு இரவு இருந்து தைத்தார். மூங்கில் ஒன்று பாய்மரம். எஞ்சினைக் கழற்றிக் கரையில் இருந்த எங்கள் வாடிக் கொட்டிலில் வைத்தோம்.

எங்கள் பைபர் படகு எஞ்சினுக்காகச் செய்தது. அடி தட்டை. பாய் கட்டினால் முன்னுக்குப் போகிற அளவு பக்கத்துக்கும் வழுக்கும். ஆடியில் வீசுவது சோளகம், தென்மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று. அதனால்தான் அந்த மாதங்களில் எங்கள் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குக் குளம் போலத் தெரியும், ஆனால் வழுக்கினால் போகிற திசை நடுக்கடல். மாமா ஒரு அகலப் பலகையைக் கடல் பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கும்படி கட்டினார். அது வழுக்கலைக் குறைத்தது. கரையை விட்டு விலகவே இல்லை. மணலில் நாய் ஓடுவது தெரிகிற தூரத்தில்தான் முழு வழியும் போனோம்.

விடிய நாலு மணிக்கு இறங்கினோம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். மாமி நடுவில், மடியில் பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூள் போத்தலும் பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணியும். எஞ்சின் சத்தம் இல்லாத கடலில் நான் அதுவரை இருந்ததில்லை. செம்மலையில் யாரோ இருமியது கேட்டது. அளம்பிலில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு, ஆளைக் காணுமுன்பே காற்றில் வந்தது. மாமி தானும் மெல்லச் சேர்ந்து பாடினா. அவவுடைய தகப்பன் கரைவலைக்காரன்.

வித்தியாசம் கேட்டீர்கள் அல்லவா? வீதியால் போனால் பெயர்ப்பலகை ஊரைச் சொல்லும். கடலால் போகும்போது, காற்று தரையிலிருந்து வருவதால், ஊரின் மணம்தான் முதலில் வந்து சேரும். சிலாவத்தையைத் தாண்டியதும் விறகுப்புகை, கருவாடு, பிறகு சூடான பாண். அதற்குப் பிறகுதான் தொலைபேசிக் கோபுரமும் பனைகளும் தெளிவாகின. முன்பு வெளிச்சவீடு இருந்தது, போரில் போய்விட்டது. அது நின்ற பக்கத்தை மாமா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாய்க் கயிற்றை மறுபடி இறுக்கினார்.

இறங்குவதுதான் கஷ்டம். முல்லைத்தீவில் துறைமுகத்துக்குள் புகுவது போல ஒதுங்க இடம் இல்லை, திறந்த மணல்கரை. பாயை இறக்கிவிட்டு அந்தக் கடைசி நூறு மீற்றரைக் காற்றுக்கு எதிராகத் துடுப்பால் வலிக்க வேண்டும். கரை மணல் பறந்து வந்து முகத்தில் குத்தியது. என் கை சோர்ந்துவிட்டது, படகு பின்னால் போகத் தொடங்கியது. உண்மையாகவே பயந்துவிட்டேன். "கயிறை எறி!" என்று மாமா கத்தினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சைக்கிளில் பிள்ளைகளோடு கடல் பார்க்க வந்த குடும்பங்கள் கரையில் நின்றன. தண்ணீருக்குள் ஓடி வந்து கயிற்றைப் பிடித்த நாலைந்து பேரும் எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள். அவர்களிடம் நான் பெயர்கூடக் கேட்கவில்லை, இன்றைக்கும் மனதில் அது கிடக்கிறது.

நீங்களும் போக ஆசைப்பட்டால் வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில், விடியற்காலையில் போங்கள். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றுக் காலத்தில் இந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். இறங்குகிற ஊரின் மீனவர் சங்கத்தில் முதலே சொல்லி வையுங்கள், கயிறு பிடிக்க ஆள் வேண்டும். உயிர்காப்பு அங்கி கட்டாயம். நாங்கள் மூன்று பேரும் போட்டிருந்தோம்.

சரி, மாமியை ஒருவர் சைக்கிளில் ஏற்றி மகள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் பாயை மணலில் விரித்துக் காயவிட்டோம். வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து குந்தி, அந்தக் கறையைத் தடவிப் பார்த்தா.

"இது முகாம் தறப்பாள் எல்லோ?"

"ஓம் அக்கா."

"எங்களிட்டயும் ஒண்டு கிடக்கு. மகன்ர போட்டும் சும்மாதான் நிக்குது. ஓரம் எவ்வளவு மடிக்கோணும்?"

மாமா ஊசியை எடுத்து, மூலையில் இரண்டு தையலைப் பிரித்து, மடிப்பை அவவுக்குக் காட்டத் தொடங்கினார்.