பண்டிட்ஜி எழுதிய லெட்டர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் குப்பம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பஸ் ஏறினால் கன்னடம் என்று வளர்ந்தவள். கணவர் ராணுவத்தில் ஹவில்தார். இரண்டு வருடமாக வடக்கே ஃபேமிலி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நாங்கள் சிஎஸ்ஐ சபை. யூனிட்டில் மந்திர் இருக்கிறது, பண்டிட்ஜி இருக்கிறார், பாதிரியார் இல்லை. வாரம் தவறாமல் இவர் மந்திர் பரேடுக்குப் போய் வருகிறார். "அப்பா ஏன் அங்க போறாரு?" என்று எட்டு வயது மகன் கேட்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு அந்தப் பண்டிட்ஜியே வந்து வாசலில் ஸ்டார் கட்டிக் கொடுத்தார். சந்தோஷமாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. கோயிலுக்குள் போக மறுத்த அதிகாரியின் வழக்கைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்துப் பூசாரி வைத்துக்கொள்வது எதற்கு? நீங்களும் பட்டாளத்துப் பிள்ளை என்பதால் கேட்கிறேன்.

ஆர்.ஜெ.

அன்புள்ள ஆர்.ஜெ.,

முதலில் பையனுக்குப் பதில். "அங்க அப்பாவோட கூட்டாளிங்க இருக்காங்க, அதனால போறாரு" என்று சொல்லுங்கள். எட்டு வயசுக்கு அது போதும். உங்கள் கணவரின் மனசாட்சிக்குப் போதுமா என்பது அவர் பாடு. அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன்.

கிறிஸ்தவரான அந்த அதிகாரி ஜவான்களோடு கோயில் வரை போனார். கருவறைக்குள் மட்டும் வரமாட்டேன் என்றார். 2021-ல் வேலை போயிற்று. 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும் நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அது சரியே என்றன. ஜவானின் மதம் எதுவோ, அவனை நடத்துகிறவரும் அதில் கூட நிற்க வேண்டும் என்பது பட்டாளத்தின் பழைய வழக்கம். எனக்கென்னவோ தண்டனை அதிகம் என்றே படுகிறது. வாசல் வரை வந்தவரை வாசலிலேயே நிற்க விட்டிருக்கலாம். எப்படியானாலும் அது படையை நடத்தும் அதிகாரியைப் பற்றிய வழக்கு. குவார்ட்டர்ஸில் இருக்கும் உங்களையும் பிள்ளையையும் பற்றியது அல்ல.

நீங்கள் பூசாரி என்கிற ஆளுக்கு ராணுவத்தில் பெயர் ரிலிஜியஸ் டீச்சர், மத ஆசிரியர். பண்டிட், சீக்கியருக்குக் கிரந்தி, மௌல்வி, பாதிரி, லடாக் ஸ்கவுட்ஸுக்குப் பௌத்த பிக்கு என்று பல வகை. எல்லாருமே நேராக நாயப் சுபேதாராகச் சேர்கிறவர்கள். ஆள் எடுக்கும் விளம்பரத்தில் இவர்கள் வேலை என்னவென்று போட்டிருக்கும், ஒருமுறை படித்துப் பாருங்கள். பூசையும் பிரசங்கமும் அதில் கொஞ்சம்தான். சாவுச் சடங்குக்கு நிற்பது, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, தண்டனையில் இருக்கும் ஜவானிடம் பேசுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது என்று மீதி நீளும். பிரிட்டிஷ் ராணுவத்திலும் அமெரிக்க ராணுவத்திலும் இந்த வேலைக்கு வருகிறவருக்கு அதிகாரி அந்தஸ்து. நம்மிடம் ஜேசிஓ, அதாவது அதிகாரிக்கும் ஜவானுக்கும் நடுப்படி. நாயப் சுபேதார் அதில் ஒன்று. அது நல்லதுதான், ஜவானுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறார். நான் வளர்ந்த பட்டாளத்துக் குடியிருப்பு லைனில் லீவு கிடைக்காதவர்கள் சாயங்காலம் போய் உட்காரும் இடம் மந்திர் திண்ணைதான். சாமி கும்பிட்டவர்களைவிட அங்கே சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம்.

அரசாங்கத்துக்கு எதற்கு இந்த அக்கறை என்றால், நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. சித்தூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். 1805 நவம்பரில் தளபதி கிரடாக் ஓர் ஆணை போட்டார்: சிப்பாய் நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் பிணமாகக் கிடந்தார்கள். அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சிப்பாய்களைக் கொன்று குவித்தது. திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஆணை வாபஸானது. கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது.

உங்களுக்குப் பாதிரியார் இல்லாதது குறைதான். அதைக் குறை என்றே சொல்லுங்கள், கணவரையும் மேலே கேட்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும், வடக்கே பல கன்டோன்மென்ட்களில் வெள்ளைக்காரன் கட்டிய சர்ச் இன்னும் நடக்கிறது. பெரும்பாலும் சிஎன்ஐ, அதாவது வட இந்தியத் திருச்சபை, உங்கள் சபைக்கு உறவு. பாட்டு இந்தியில் இருக்கும், பழகிவிடும்.

ஸ்டார் கட்டிய பண்டிட்ஜி விஷயத்துக்கு வருகிறேன். அந்த "என்னவோ போல" எனக்குத் தெரியும்.

1971 டிசம்பரில் சண்டை வந்ததும் குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பரதராமி தாண்டி ஆந்திரா பக்கம் எங்கள் ஊர். எனக்கு ஏழு வயது. பெரியப்பா மேற்கு எல்லையில் இருந்தார். முதலில் தந்தி வந்தது. உடல் வரவில்லை. அப்போதெல்லாம் அங்கேயே காரியம் முடித்துவிடுவார்கள். உடலை வீட்டுக்கு அனுப்புவது 1999 கார்கிலில்தான் வழக்கமானது. ஒரு மாதம் கழித்து இந்தியில் ஒரு லெட்டர். ஊரில் யாருக்கும் இந்தி தெரியாது. பரீட்சைக்கு இந்தி சொல்லிக் கொடுக்கும் ஒரு வாத்தியாரிடம் சித்தூருக்குக் கொண்டுபோனோம். அவர் படித்துத் தெலுங்கில் சொல்ல, தாத்தா தமிழில் பெரியம்மாவுக்குச் சொன்னார்.

யூனிட் பண்டிட்ஜி எழுதியிருந்தார்: உங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாது, ஒரு மதராஸி ஜவானைக் கேட்டுத் தெற்கே தலை வைத்தோம். பிள்ளை ஸ்தானத்தில் நானே கொள்ளி வைத்தேன். உடைப்பதற்கு மண்குடம் கிடைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு மூன்று சுற்று வந்தேன். மன்னிக்க வேண்டும்.

பெரியம்மா அழவில்லை. முகம் தெரியாத யாரோ ஓர் ஆள் தன் புருஷனுக்குக் கொள்ளி வைத்ததில் அவளுக்கு ஆறுதலா கோபமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் அவள் சொன்னதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசியா யாராச்சும் தமிழ்ல பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாமா?"

தாத்தா வாத்தியார் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கூப்பிட்டாங்களாம்" என்றார்.

அந்த லெட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தி நானே படிப்பேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.